18446744073709551615: இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

வினாக்குறி:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று தானியத்தை இரட்டித்துக்கொண்டே போகும் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். 64 கட்டங்களின் மொத்தம் 2^64 − 1. வகுப்பில் பெருக்குத் தொடரின் கூடுதலுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். விடையை எழுதியதோடு பாடம் முடிந்துவிட்டது. எனக்கோ அந்த எண்ணை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. 5-இல் முடிவதால் அது பகா எண் இல்லை என்று தெரிகிறது. மற்ற காரணிகள் எவை? கணினி இல்லாமல், தாளும் பேனாவும் மட்டும் கொண்டு இந்த எண்ணை முழுமையாகப் பிரிக்க முடியுமா? இன்னொரு சந்தேகம்: விரிதாளில் 2^64 என்று கொடுத்தால் 18446744073709600000 என்று வருகிறது. இரண்டின் அடுக்கு எப்படி ஐந்து பூஜ்யங்களில் முடியும்?

நிரல்நேயன்:
கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதைக் கணிதம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விரிதாள் 15 முக்கிய இலக்கங்களை மட்டுமே காட்டும், மிச்ச இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். முழு மதிப்பு 18446744073709551616. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் உங்கள் எண்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த எண் நன்றாகப் பழகியது. குறி இல்லாத 64-பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு இதுதான். இரும முறையில் 64 ஒன்றுகள். பதினாறடிமான முறையிலும் கடைசி இலக்கமான பதினைந்தே பதினாறு முறை வரும். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழிக்கும் தவறு நிரலில் எங்காவது நேர்ந்தால், செயல்பாட்டுக் குறிப்பில் 18446744073709551615 என்று வந்து நிற்கும். அதைக் கண்டவுடன் “எங்கோ −1 புகுந்துவிட்டது” என்று புரிந்துகொள்வோம்.

கரும்பலகை:
தம்பி வினாக்குறி, நல்ல கேள்வி. பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எட்டாம் வகுப்பில் படித்த ஒரே ஒரு முற்றொருமை போதும்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ).

2^64 என்பது 2^32-இன் வர்க்கம். ஆகவே
2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1).
இடப்பக்கக் காரணிக்கு மறுபடியும் அதே வேலை:
2^32 − 1 = (2^16 − 1)(2^16 + 1)
2^16 − 1 = (2^8 − 1)(2^8 + 1)
2^8 − 1 = (2^4 − 1)(2^4 + 1)
2^4 − 1 = (2^2 − 1)(2^2 + 1) = 3 × 5.

கீழிருந்து மேலாகச் சேர்த்தால்
2^64 − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

ஒருமுறைகூட வகுத்துப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபது இலக்க எண் ஆறு துண்டுகளாகத் தானே விழுந்துவிட்டது. 3, 5, 17, 257 பகா எண்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். 65537-க்கு வர்க்கமூலம் 256-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், எதுவும் போகாது.

வினாக்குறி:
நன்றி ஐயா! 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்றால் 4294967297-உம் அப்படித்தான் இருக்க வேண்டும் இல்லையா? ஒவ்வொன்றும் முந்தைய எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டியது. அமைப்பு ஒன்றே.

எண்ணாடி:
வினாக்குறி, நீங்கள் நிற்கும் அதே இடத்தில் 1640-இல் பியேர் தெ ஃபெர்மா நின்றார். இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்றே பெயர். இழை முழுவதும் பயன்படட்டும் என்று ஒரு குறியீடு வைத்துக்கொள்கிறேன்: ஃ(0) = 3, ஃ(1) = 5, ஃ(2) = 17, ஃ(3) = 257, ஃ(4) = 65537, ஃ(5) = 4294967297. இவை எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பினார். கடிதங்களில் எழுதினார், நிறுவ முடியவில்லை என்பதையும் சொன்னார். 1729-இல் கோல்ட்பாக் இந்தக் கூற்றைப் பற்றி இளைஞரான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்:

4294967297 = 641 × 6700417.

இதைச் சரிபார்க்கப் பெரிய பெருக்கல்கூட வேண்டாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 641 = 5 × 2^7 + 1, மேலும் 641 = 5^4 + 2^4. 641-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வடிவத்தின்படி 5 × 2^7-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5^4-க்குப் பதிலாக −2^4 என்று போடலாம். ஆக −2^32-க்கு மீதி 1. அதாவது 2^32 + 1, 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது.

எண் கணிதத்தில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு அழகு அபூர்வம். எனக்கு இதை யாருக்காவது சொல்லிக் காட்டும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான்.

பாதரசம்:
அழகுதான், ஆனால் ஓர் ஆட்சேபம். 641 என்ற விடை கையில் இருந்தால்தான் அதை 625 + 16 என்று உடைக்கத் தோன்றும். விடை தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவார்? 4294967297-இன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியது. அதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. “தாளும் பேனாவும்” என்று தம்பி நிபந்தனை வைத்திருக்கிறார். கண்டுபிடிக்கும் வழியைக் காட்டாமல் சரிபார்க்கும் வழியை மட்டும் காட்டினால் அது பாதி விடைதான்.

கரும்பலகை:
நியாயமான ஆட்சேபம். வழியும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் மட்டு எண்கணிதம் வந்துவிட்டது, ஆகவே பள்ளி மாணவரும் பின்தொடரலாம்.

ப என்ற பகா எண் ஃ(5)-ஐ வகுப்பதாக வைத்துக்கொள்வோம். ப-ஆல் வகுக்கும்போது 2^32-க்கு மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. இனி 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை வரிசையாக எடுத்து, முதன்முதலில் மீதி 1 வரும் அடுக்கு எது என்று கேளுங்கள். அந்த அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும். ஆனால் 32-ஐ வகுக்கக் கூடாது, ஏனென்றால் 32-ஆம் அடுக்கில் மீதி −1 அல்லவா? 64-இன் காரணிகளில் 32-ஐ வகுக்காதது 64 மட்டுமே. ஆக முதல் அடுக்கு சரியாக 64.

அடுத்து ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: 2^(ப − 1)-க்கு மீதி 1. எனவே 64, ப − 1-ஐ வகுக்கும். அதாவது ப = 64க + 1 என்ற வடிவில் இருந்தே தீரும்.

இப்போது பட்டியலிடுங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை அடித்துவிட்டால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் விடை கையில்.

என்னை எப்போதும் உறுத்தும் விஷயம் ஒன்று. அந்தச் சிறிய தேற்றத்தை ஃபெர்மா கடிதத்தில் தெரிவித்ததும் அதே 1640-ஆம் ஆண்டுதான். திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. ஐந்து வகுத்தல் போட்டிருந்தால் தம் கூற்று தவறு என்று அவரே கண்டிருப்பார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

எண்ணாடி:
ஐயா சொன்னதை இன்னும் ஒரு படி இறுக்கலாம். ஐந்து வகுத்தலும் வேண்டாம், ஒன்று போதும்.

அ = 2^8 × (2^16 − 1) என்று எடுங்கள். வர்க்கப்படுத்தினால்
அ² = 2^16 × (2^32 − 2^17 + 1).
அடைப்புக்குள் இருக்கும் 2^32 + 1-க்கு மீதி 0. மிஞ்சுவது −2^16 × 2^17 = −2^33 = −2 × 2^32. 2^32-க்கு மீதி −1 என்பதால் இது 2 ஆகிறது. ஆக அ²-க்கும் 2-க்கும் ஒரே மீதி. அப்படியானால் அ^64-க்கு மீதி −1, அ^128-க்கு மீதி 1. ஐயா செய்த அதே வாதத்தின்படி 128, ப − 1-ஐ வகுக்கும். இந்த இறுக்கத்தை எல்லா ஃபெர்மா எண்களுக்கும் பொதுவாக்கியவர் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா, 1878-இல்.

இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று சுருங்குகிறது. 129, 385, 513 பகு எண்கள். 257 என்பதோ ஃ(3). இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, எனவே 257-ஐ வகுத்துப் பார்க்காமலே ஒதுக்கலாம். வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641. பாதரசம், உங்கள் ஆறாயிரம் பகா எண்கள் ஒன்றாகிவிட்டன.

வினாக்குறி:
“பொதுக் காரணி கிடையாது” என்பது எங்கிருந்து வருகிறது? அதை மட்டும் விளக்குங்கள், அண்ணா.

எண்ணாடி:
கரும்பலகை ஐயா செய்த பிரிப்பிலேயே அது இருக்கிறது. ஃ(6) என்பது 2^64 + 1. உங்கள் எண் அதைவிட 2 குறைவு. ஆக
ஃ(6) − 2 = ஃ(0) × ஃ(1) × ஃ(2) × ஃ(3) × ஃ(4) × ஃ(5).
எந்த ஃபெர்மா எண்ணிலும் 2-ஐக் கழித்தால் அதற்கு முந்தையவை அனைத்தின் பெருக்கல்தான் வரும். 3 × 5 = 15 = 17 − 2. 15 × 17 = 255 = 257 − 2. ஒரு பகா எண் இரண்டு ஃபெர்மா எண்களை வகுத்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றை எண்கள், ஆகவே அது நடக்காது. 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் குறைந்தது ஒரு புதிய பகா எண்ணையாவது கொண்டுவருவதால், பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கும் இதுவே ஒரு நிறுவல்.

பாதரசம்:
641 வரை ஒப்புக்கொள்கிறேன். 6700417 பகா எண்தானா? அது நிறுவப்படாதவரை “முழுமையாகப் பிரித்தோம்” என்று சொல்ல முடியாது.

வினாக்குறி:
இதை நானே செய்து பார்த்தேன். 6700417 என்பதும் ஃ(5)-இன் காரணி என்பதால் அதன் பகாக் காரணிகளும் 128க + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். 2588-இன் வர்க்கம் 6697744, 2589-இன் வர்க்கம் 6702921. ஆக 2588 வரை பார்த்தால் போதும். அந்த வடிவில் 641-இலிருந்து 2588-க்குள் உள்ள பகா எண்கள் நான்கே நான்கு: 641, 769, 1153, 1409. மற்றவை எல்லாம் உடைந்துவிடுகின்றன (1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197 ஆகியவற்றில் மட்டும் கொஞ்சம் நேரம் போனது).

6700417 = 641 × 10453 + 44
6700417 = 769 × 8713 + 120
6700417 = 1153 × 5811 + 334
6700417 = 1409 × 4755 + 622

எதிலும் மீதி பூஜ்யம் இல்லை. 6700417 பகா எண். ஆகவே

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

கரும்பலகை:
சபாஷ் தம்பி! இருபது இலக்க எண்ணை நான்கைந்து வகுத்தல்களில் முழுமையாகப் பிரித்துவிட்டாய். மீதிகளை நானும் போட்டுப் பார்த்தேன், நான்கும் சரி.

நிரல்நேயன்:
இந்தப் பெருக்கலால் நிரலாளர்களுக்கு ஒரு பயன் உண்டு. 32-பிட் கணக்கில் 2^32-க்கு மேல் போனது உதிர்ந்துவிடும். 641 × 6700417 = 2^32 + 1 என்பதால் அந்த உலகத்தில் இவ்விரண்டையும் பெருக்கினால் விடை 1! ஒன்றுக்கொன்று தலைகீழி. 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று தெரிந்த ஓர் எண்ணை 641-ஆல் வகுக்க வேண்டுமானால் 6700417-ஆல் பெருக்கிவிடலாம், சரியான ஈவு கிடைக்கும். கணினிக்கு வகுத்தலைவிடப் பெருக்கல் விரைவானது. ஒற்றை எண் எதுவானாலும் இப்படி ஒரு துணை அதற்கு உண்டு. ஆனால் ஆய்லரின் இரு காரணிகளே ஒன்றுக்கொன்று துணையாக அமைந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

நெல்மணி:
கதைப் பக்கமும் கொஞ்சம் பேசலாமே. சதுரங்கக் கட்டக் கதையை அரபு ஆசிரியர்கள் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதியதில் சீஸா என்ற அறிஞர் வருகிறார். அதற்கும் முன்பே, 1000-ஆம் ஆண்டை ஒட்டி, அல் பிரூனி தம் காலவரிசை நூலில் இந்தக் கூட்டுத்தொகையைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறார். 64 எண்களையும் எழுதிக் கூட்டவில்லை. வர்க்கத்தின் வர்க்கம் என்று ஏறிப்போய் ஒன்றைக் கழித்தார். 2, 4, 16, 256, 65536, 4294967296, அதற்கு மேல் இன்னொரு வர்க்கம். கரும்பலகை ஐயா இறங்கிவந்த அதே படிக்கட்டு.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அரசனோடு சதுரங்கம் ஆடி வென்ற கிருஷ்ணனுக்கு அரிசிக் கடன் தீரவே இல்லை, அதனால் இன்றும் பாயசம் வழங்குகிறார்கள் என்று.

ஆயிரம் அரிசி 20 கிராம் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகின் ஓராண்டு அரிசி விளைச்சல் 50 கோடி டன்னை ஒட்டியது. எழுநூறு ஆண்டு விளைச்சலைக் கொட்ட வேண்டும். நம் வழக்கப்படி எண்ணைப் படித்தால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615.

எண்ணாடி:
எதுவார் லூக்கா பெயர் மேலே வந்தது. 1883-இல் ‘ஹனோய் கோபுரம்’ என்ற வட்டுப் புதிரை வெளியிட்டவரும் அவரே. அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட காசிக் கோயில் கதையில் 64 தங்க வட்டுகள். அவற்றை இடம் மாற்றக் குறைந்தபட்ச நகர்த்தல்கள் 2^64 − 1. நொடிக்கு ஒன்று என்றால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான்.

பாதரசம்:
எல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் அடிப்படையான ஒன்றைக் கேட்கிறேன். இவை இந்த எண்ணின் பண்புகளா, அல்லது நாம் அதன் மேல் ஏற்றிய கதைகளா? இருபது இலக்க எண் எதை எடுத்தாலும் அதற்குப் பகாக் காரணிகள் இருக்கும், ஏதாவது ஒரு வரலாற்றைச் சேர்த்துச் சொல்லலாம். கணினி 64 பிட்டாக அமைந்ததும் சதுரங்கத்துக்கு 64 கட்டம் இருப்பதும் தற்செயல். எண்ணின் உள்ளே இருப்பது எது?

எண்ணாடி:
இந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்ல முடியும். அதுதான் எனக்கு மகிழ்ச்சி.

முதலில் காரணிகளின் எண்ணிக்கை. ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதை ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் ஆராய்ந்து காட்டினார்கள். எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் மடக்கை எடுத்தால் வரும் அளவை ஒட்டித்தான் இருக்கும். நம் எண்ணின் அளவுக்கு அது நான்கை ஒட்டியது. இதற்கோ ஏழு.

அடுத்து மிகப்பெரிய பகாக் காரணி. இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக அது பன்னிரண்டு இலக்கம் கொண்டதாக இருக்கும். இதற்கு ஏழே இலக்கம்.

மூன்றாவதாக அக்கம்பக்கம். ஒன்று கூட்டினால் 2^64, இரண்டைத் தவிர வேறு காரணியே இல்லை. இன்னும் ஒன்று கூட்டினால் ஃ(6), அதாவது 18446744073709551617. அது 274177 × 67280421310721. தாமஸ் கிளவுசன் 1855-இல் இதைக் கண்டு காஸுக்கு எழுதினார், ஃபார்ச்யூனே லாந்திரி தம் முதிய வயதில் 1880-இல் வெளியிட்டார். 274177 = 256 × 1071 + 1. ஃ(5)-இல் முதல் சோதனையிலேயே விடை கிடைத்தது. இங்கே பட்டியலில் 1071-ஆவது இடம் வரை போக வேண்டும். அப்புறமும் பதினான்கு இலக்க எண் ஒன்று பகா எண்தான் என்று கையால் நிறுவ வேண்டும்! 2^64-க்கு முன்னால் உள்ள கடைசிப் பகா எண் 2^64 − 59, பின்னால் வரும் முதல் பகா எண் 2^64 + 13. நடுவில் 71 எண்கள், அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. நம் எண் அந்த இடைவெளிக்குள் நிற்கிறது.

இரண்டே தள்ளி இருக்கும் எண் அப்படி முரண்டு பிடிக்கிறது, இது தானே விழுகிறது. காரணம் 64 என்ற அடுக்கு தூய இரண்டின் அடுக்காக இருப்பது. இது எண்ணின் உள்ளேயே இருப்பது, கதையில் வந்ததல்ல.

மேருநடை:
பாதரசத்தின் கேள்விக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். இந்த எண் பாஸ்கல் முக்கோணத்துக்குள் இருக்கிறது. நம் நாட்டில் பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் ‘மேரு பிரஸ்தாரம்’ என்று விளக்கிய அதே முக்கோணம்.

முக்கோணத்தின் ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று எழுதுங்கள்.
1
11
101
1111
10001
110011
இவற்றை இரும எண்களாகப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51. அதாவது 1, 3, 5, 3 × 5, 17, 3 × 17. எல்லாம் ஃபெர்மா எண்களின் பெருக்கல்கள்! காரணம் எளிது. (1 + அ)² = 1 + 2அ + அ². நடு உறுப்பு இரட்டை, ஒற்றை இரட்டை பார்க்கும்போது மறைந்துவிடுகிறது. ஆக 1 + அ-வை 2, 4, 8 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தினால் 1 + அ², 1 + அ^4, 1 + அ^8 மட்டுமே நிற்கும். அ-வுக்கு 2 என்று போட்டால் ஃ(1), ஃ(2), ஃ(3). வரிசை எண்ணை இருமத்தில் எழுதினால் எந்தெந்த ஃபெர்மா எண்களைப் பெருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதல் வரிசையைப் பூஜ்யம் என்று எண்ணினால் 63-ஆவது வரிசை முழுவதும் ஒற்றை எண்கள். 64 ஒன்றுகள். அதுவே 18446744073709551615.

31-ஆவது வரிசை 4294967295. அது ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கல். கவராயமும் குறியில்லா அளவுகோலும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பல்கோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றையாக உள்ளவற்றில், இன்று நமக்குத் தெரிந்த மிகப்பெரியது இதுவே. காஸ் பதினெட்டு வயதில், 1796-இல், 17 பக்கப் பல்கோணம் வரையத்தக்கது என்று கண்டார். 1801-இல் பொது விதியை வெளியிட்டார்: ஒற்றையான பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் பல்கோணத்தை வரையலாம். மறுதிசையை 1837-இல் வான்செல் நிறுவினார். முக்கோணத்தின் 1 முதல் 31 வரையிலான வரிசைகள் அப்படியே அந்தப் பல்கோணங்களின் பட்டியல். 32-ஆவது வரிசை ஃ(5). அங்கே 641 குறுக்கே வருகிறது, பட்டியல் நின்றுவிடுகிறது. ஃ(5) முதல் ஃ(32) வரை எல்லாமே பகு எண்கள் என்று இன்று தெரியும். ஃ(33) பற்றி இன்னும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: 1 முதல் 4294967295 வரை, அந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 2 × 4 × 16 × 256 × 65536 = 2^31. சரியாக ஒரு தூய இரண்டின் அடுக்கு.

நிரல்நேயன்:
மேருநடை சொன்னதை வைத்து வகுத்திகளை எண்ணிப் பார்த்தேன். ஏழு பகா எண்கள் ஒவ்வொன்று என்பதால் 2^7 = 128 வகுத்திகள். அவற்றில் 641-உம் 6700417-உம் ஒன்றாக இருப்பவை 32, இரண்டும் இல்லாதவை 32. இந்த 64-உம் முக்கோணத்தின் முதல் 64 வரிசைகள். மிச்ச 64 வகுத்திகளில் இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருக்கும். அவை முக்கோணத்தில் எந்த வரிசையிலும் வருவதில்லை. ஃபெர்மா சொன்னது உண்மையாக இருந்திருந்தால் வகுத்திகள் 64-தான் இருந்திருக்கும், முக்கோணம் எல்லாவற்றையும் பிடித்திருக்கும்.

இன்னும் ஒரு சிறிய பண்பு. 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே மூன்று வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுதவே முடியாது, நான்கு வேண்டும்.

பாதரசம்:
எண்ணாடி, மேருநடை இருவர் பதிலும் நான் கேட்டதற்கு நேரான பதில்கள். அப்படியானால் ஒரு சோதனை வைக்கிறேன். குறி உள்ள 64-பிட் எண்ணின் உச்சம் 2^63 − 1, அதாவது 9223372036854775807. அடுக்கு 63 என்பதால் வர்க்க வேறுபாட்டு வழி அங்கே அடைபட்டுவிடும். வினாக்குறி, அதைத் தாளில் எவ்வளவு தூரம் பிரிக்க முடியும்?

கரும்பலகை:
தம்பிக்கு ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். 63 = 3 × 21 = 7 × 9. அடுக்கை வகுக்கும் எண் எதுவானாலும் அந்த அடுக்கின் 2^… − 1 இதையும் வகுக்கும்.

வினாக்குறி:
செய்துவிட்டேன் ஐயா. 2^7 − 1 = 127, பகா எண். 2^9 − 1 = 511 = 7 × 73. 2^21 − 1 = 2097151 = 7² × 127 × 337. ஆக 2^63 − 1-ஐ 2^21 − 1-ஆல் வகுத்தால் 2^42 + 2^21 + 1 = 4398048608257. அதை 73-ஆல் வகுத்தால் 60247241209. இதுவரை எளிது. இங்கே ஏழு இரண்டு முறை வருகிறது, நம் எண்ணில் எதுவும் இரண்டு முறை வரவில்லை.

மிச்சம் இருக்கும் பதினோரு இலக்க எண்ணில் கரும்பலகை ஐயாவின் வாதத்தையே பயன்படுத்தினேன். புதிய பகாக் காரணிகளுக்கு முதல் அடுக்கு 63 என்றால் ப − 1-ஐ 63 வகுக்க வேண்டும். ப − 1 இரட்டை என்பதால் 126-உம் வகுக்கும். 126க + 1 வடிவப் பட்டியல் 641 போல உடனே விடை தரவில்லை. நீண்ட பட்டியல் என்பதால் இந்த ஓரிடத்தில் மட்டும் கணினியை வகுக்க விட்டேன். க = 736-இல் நின்றது:

60247241209 = 92737 × 649657.

649657 = 126 × 5156 + 1. அதன் வர்க்கமூலம் 807-க்குள். அந்த வடிவில் அதுவரை இருப்பவை 127, 253, 379, 505, 631, 757 மட்டும். இவற்றால் கையால் வகுத்துப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. 92737-க்கு 127, 253 இரண்டு மட்டுமே, அதுவும் போகவில்லை. ஆகவே

9223372036854775807 = 7² × 73 × 127 × 337 × 92737 × 649657.